துணிக் கூரையும் பின்சக்கரச் சப்தமும்

கூரையை மடித்து வைத்துக்கொள்ளக்கூடிய ஸ்போர்ட்ஸ் காரில், துணிக் கூரையை இழுத்து மூடிக்கொண்டு, நெடுஞ்சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் பிரயாணம் செய்கிற ஒவ்வொருவரும் ஒரு விஷயத்தைச் சீக்கிரமே கண்டுகொள்கிறார்கள். செவியை நிரப்பும் சப்தத்தில் பெரும்பகுதி முன்னால் உழைத்துக்கொண்டிருக்கும் எஞ்சினிலிருந்து வருவதன்று. முதுகுக்குப் பின்னால், ஆசனத்துக்கும் பின் ஜன்னலுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறிய வெளியிலிருந்து, சாலை கரடாகும்போது உரத்தும் வழவழப்பாகும்போது தணிந்தும், ஆனால் ஒருபோதும் ஓயாமலும் வந்துகொண்டிருப்பது. மோட்டார் வாகனத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் வேகத்தைப் பற்றியும் வடிவழகைப் பற்றியும் பந்தய வெற்றிகளைப் பற்றியும் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். இந்தப் பின்புறச் சப்தத்தை அடக்குவதற்காகத் தையற்காரர்களும் தச்சர்களும் ரப்பர்த் தொழிலாளரும் சப்த சாஸ்திரிகளும் பட்ட பாட்டைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்தப் பாடு நூறு வருஷத்துக்கும் மேற்பட்டது. அறிந்துகொள்ளத் தக்கது என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் காரணத்தைப் பார்த்துவிடுவோம். நான்கு கதவுள்ள ஒரு மூடிய காரில், பின்சக்கரத்தில் பிறக்கும் சப்தம் ஓட்டுகிறவரின் செவியை அடைய வேண்டுமானால், மட்கார்டின் தகடு, டிக்கி, பின் ஆசனத்தின் கனத்த மெத்தை, அதற்கு மேலுள்ள பலகை ஆகிய இத்தனை தடைகளையும் கடந்து, பிறகும் சில அடி தூரம் காற்றில் வந்தாக வேண்டும். இரண்டே ஆசனமுள்ள திறந்த காரிலோ ஓட்டுகிறவர் பின் அச்சுக்குச் சற்றே முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சக்கரத்துக்கும் அவர் தோளுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடும் ஒரு கம்பள விரிப்பும் தவிரப் பெரும்பாலும் வேறொன்றும் இருப்பதில்லை. அதற்கும் மேலாக, கூரை மடிந்து படுப்பதற்கென்று ஆசனத்துக்குப் பின்னால் ஒரு பள்ளம் வைத்தாக வேண்டியிருக்கிறது. கூரை மேலே நிற்கும்போது அந்தப் பள்ளம் காலியாகிவிடுகிறது. வீணையின் குடம் தந்தியின் மெல்லிய அதிர்வை வாங்கி அறை நிரம்பச் செய்வதுபோல, இந்தக் காலிப் பள்ளமும் கீழே நடுங்கும் தகட்டின் அதிர்வை வாங்கிப் பெருக்கிக் கொடுக்கிறது.

இனிக் கூரையின் நிலை. சப்தத்தைத் தடுக்கும் சுவரின் பலம் பெரும்பாலும் அதன் எடையில் இருக்கிறது. எடையை இரட்டித்தால் அதனூடே கடக்கும் சப்தம் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது சப்த சாஸ்திரத்தின் பழைய விதி. 0.8 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு ஆறேகால் கிலோ எடையுள்ளது. மூன்று மில்லிமீட்டர்க் கண்ணாடி ஏழரைக் கிலோ. ரப்பர் பூசிய கூரைத் துணியோ ஒரு கிலோவை ஒட்டியதுதான். எனவே ஒற்றைத் துணியை மட்டும் நம்பியிருக்கிற கார், தகட்டுக் கூரையுள்ள காரைவிட ஏறத்தாழ 15 டெசிபல் பின்தங்கியே ஆரம்பிக்கிறது. இந்தக் குறையை எடையைக் கூட்டாமல் எப்படி ஈடுசெய்வது என்பதுதான், திறந்த கார் செய்கிறவர்களுக்கு ஆதிமுதல் இன்றுவரை இருந்துவரும் பிரச்னை.

சக்கரத்தின் சப்தத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் மோட்டார் காரைவிட மூத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் லண்டனில், இரும்புப் பட்டை கட்டிய வண்டிச் சக்கரங்கள் கருங்கல் பாவிய வீதிகளில் உருளும் ஓசை எவ்வளவு கடுமையாக இருந்ததென்றால், நோயாளி படுத்திருக்கும் வீட்டின் முன்னே தெருவில் வைக்கோலைப் பரப்பிவைக்கும் வழக்கம் அங்கே ஏற்பட்டிருந்தது. கல்லுக்குப் பதிலாக மரக்கட்டைகளைப் பாவிய வீதிகளும் உண்டாயின. இந்தச் சூழ்நிலையில், 1845-இல், ஸ்காட்லாந்தில் பிறந்த ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற இருபத்து மூன்று வயது இளைஞர், காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ரப்பர் ஏற்றிய துணிக்குழாயில் காற்றை அடைத்து அதன்மேல் தோலுறை போட்டுச் சக்கரத்தில் பொருத்துவது அவருடைய உபாயம். அந்தப் பத்திரத்தில் அவர் தம் சாதனத்துக்கு மூன்று பிரயோஜனங்களைச் சொன்னார்: வண்டியை இழுக்க வேண்டிய பலம் குறையும், ஓட்டம் சுகமாகும், வண்டி எழுப்பும் சப்தம் தணியும். இன்று நாம் டயரை வேகத்துக்கும் பிடிப்புக்கும் உரிய பொருளாக மட்டுமே நினைக்கிறோம். அதன் ஜனனப் பத்திரத்திலேயே நிசப்தமும் ஒரு நோக்கமாக எழுதப்பட்டிருந்தது என்பதை மறந்துவிட்டோம். தாம்ஸனின் காலத்தில் ரப்பர் அருமையாயும் விலை மிகுந்ததாயும் இருந்தபடியால் அவருடைய சக்கரம் வழக்கத்துக்கு வரவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் ஜான் பாய்ட் டன்லப் அதே தத்துவத்தைச் சுயமாகக் கண்டுபிடித்துச் சைக்கிளுக்குப் பூட்டிய பிறகே காற்றடைத்த டயர் உலகத்தை வென்றது.

கூரைத் துணியின் வம்சாவளியும் இதே போல வண்டிக் காலத்தில் ஆரம்பமாகிறது. மரவளைவுகளின்மேல் தோலை இழுத்துக் கட்டிய மடிப்புக் கூரை குதிரை வண்டிகளில் நெடுங்காலமாக இருந்துவந்தது. சார்ல்ஸ் மாக்கின்டோஷ் 1823-இல் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பசையாகத் தடவி ஒட்டி, மழை புகாத துணி செய்யும் வழியைக் கண்டார். அது வெயிலில் பிசுபிசுத்துக் குளிரில் விறைத்தது. 1840-களில் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயரும் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் முறையைக் கைக்கொண்டபோது அந்தக் குறை நீங்கியது. வெளியே ஒரு துணி, நடுவே ரப்பர், உள்ளே ஒரு துணி என்ற அந்த மூன்றடுக்கு அமைப்புத்தான், நூல் மாறி, ரப்பரின் ஜாதி மாறி, இன்றும் உயர்ந்த கூரைத் துணிகளில் இருந்துவருகிறது. 1907-இல் பாஸ்டன் நகரில் ஜான் ஹார்ட்ஸ் நிறுவிய கம்பெனி மோட்டார் காரின் கூரைக்கென்றே ரப்பர்த் துணி செய்ய முற்பட்டு, மாசசூஸெட்ஸ் மாகாணத்தில் இன்றும் அதே தொழிலைச் செய்துவருகிறது.

ஆனால் அந்நாளில் கூரையின் கடமை மழையைத் தடுப்பது ஒன்றே. ஏறத்தாழ எல்லாக் கார்களும் திறந்த கார்களாகவே இருந்தபோது, சப்தத்தைப் பற்றி முறையிட யாருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க வேறு கார் இல்லை. ஒப்பீடு பிறந்தது 1920-களில். அமெரிக்காவில் 1919-இல் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் மூடிய கார். ஹட்ஸன் கம்பெனி தன் எஸ்ஸெக்ஸ் காரை எளிய மூடிய உடலோடு விலை மலிவாகக் கொடுக்கத் தொடங்கியபின் நிலைமை தலைகீழாயிற்று. 1924-இல் நூற்றுக்கு 43, 1926-இல் 72, 1927-இல் 85 என்று மூடிய கார்களின் வீதம் ஏறிய வேகத்தைப் பார்த்தால், மக்கள் இத்தனை நாளும் காற்றையும் தூசியையும் சப்தத்தையும் விரும்பி அனுபவிக்கவில்லை, வேறு வழியின்றிப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது விளங்கும். அதுவரை வண்டியின் இயல்பாக இருந்த திறந்த கூரை, அதற்குப் பிறகு விருப்பத்துக்காகத் தேர்ந்துகொள்ளும் விசேஷமாகிவிட்டது. அந்த விசேஷத்தைத் தேர்ந்தவர்களின் செவியோ மூடிய காரின் அமைதியை ஒருமுறை அனுபவித்துவிட்ட செவி.

இதற்கு ஐரோப்பாவில் இரண்டு விதமான பதில்கள் எழுந்தன. ஜெர்மனியின் வண்டி உடல் செய்யும் குடும்பங்கள், டிரெஸ்டன் நகரத்து கிளேஸர், ஓஸ்னாப்ரூக் நகரத்து கார்மன் போன்றவர்கள், கூரையை ஒரு வீட்டின் கூரையாகவே கருதினார்கள். வெளித் துணி, அதன் அடியில் குதிரை மயிரோ பஞ்சோ திணித்த மெத்தை, உட்புறத்தில் வளைவுகளே தெரியாதபடி இழுத்துத் தைத்த உள்துணி என்று அடுக்கடுக்காகத் தைத்து, பின்புறத்தில் உண்மையான கண்ணாடியையே பதித்தார்கள். அடுக்குகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றும், அதில் தோய்ந்து நின்ற மயிர்ப் பின்னலும், உயர்ந்த ஸ்தாயி ஒலிகளை உராய்வினால் தேய்த்து அழித்துவிடும் என்பதைச் சூத்திரமாக எழுதிக் காட்ட அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது. 1949 முதல் 1980 வரை கார்மன் தொழிற்சாலை கட்டிய வோல்க்ஸ்வாகன் பீட்டில் திறந்த கார் இந்த மரபின் எளிய வாரிசு. மூன்று லக்ஷத்து முப்பதாயிரத்துக்கும் மேலான அந்தக் கார்களின் கூரை மடித்து வைத்தால் பின்பார்வையை மறைக்கும் அளவுக்கு மூட்டையாக உயர்ந்து நிற்கும்; அழகாபிமானிகள் குறை கூறினார்கள். ஆனால் மூடினால், அந்த மூட்டையே குடியிருப்போருக்குக் கதகதப்பையும் அமைதியையும் கொடுத்தது. அது காரின் விலைக்கு மிஞ்சிய கௌரவமான கூரை. அதைத் தைத்த கைகளுக்கு நாம் மரியாதை செலுத்தத்தான் வேண்டும்.

இங்கிலாந்தில் ஸ்போர்ட்ஸ் கார் செய்தவர்களின் தத்துவம் வேறு. கூரை என்பது மழை வந்தால் ஒதுங்கும் தாற்காலிகப் பந்தல். மழை நின்றதும் கழற்றிச் சுருட்டி ஆசனத்துக்குப் பின்னே செருகிவிட வேண்டியது. எம்.ஜி.யின் டி வரிசைக் கார்களும், 1953-இல் வந்த டிரையம்ஃப் டி.ஆர். 2-உம் ஒற்றைத் துணியும், கதவின்மேல் செருகும் துணித் திரைகளும் கொண்டவை. 1948-ஆம் வருஷத்து லண்டன் கண்காட்சியில் உலகத்தை வியக்கவைத்த ஜாகுவார் எக்ஸ்.கே. 120-உம் அந்த ஜாதியே. மறுவருஷம் பெல்ஜியத்தில் ஜப்பேக் என்ற ஊரின் நெடுஞ்சாலையில் அந்தக் கார், துணிக் கூரையைப் போட்டுக்கொண்டு மணிக்கு 126 மைலும், முன்கண்ணாடியையும் கூரையையும் நீக்கிக்கொண்டு 132 மைலும் ஓடிக் காட்டியது. கூரை கிழியவில்லை என்பது அதன் தையலுக்குப் புகழ். உள்ளே இருந்தவருக்கு என்ன கேட்டிருக்கும் என்பதைப் பற்றி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் காரை வாங்கிய அமெரிக்கர்கள் கேட்டார்கள். தினந்தோறும் அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்லவும் நெடுந்தூரம் போகவும் விரும்பியவர்களுக்காக, 1953-இல் ஜாகுவார், அதே எஞ்சினும் அதே சட்டமும் கொண்ட காரில், உள்துணி தைத்த கனத்த கூரையையும், கைப்பிடி சுழற்றி ஏற்றும் கண்ணாடி ஜன்னல்களையும் பொருத்தி வேறொரு வகையாக விற்றது. ஒரே கம்பெனி, ஒரே கார், இரண்டு கூரைகள். திறந்த காரின் சப்தப் பிரச்னையை வேறெந்த உதாரணமும் இவ்வளவு தெளிவாக எடுத்துக் காட்டுவதில்லை.

எனினும் மெத்தை தைத்த கூரை காற்றில் வரும் சப்தத்தையே தணிக்கும். இரும்பின் வழியே ஏறிவரும் சப்தம் வேறு. பழைய கார்களில் இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் கனத்த அச்சு, பட்டை ஸ்பிரிங்குகளின்மீது நேராகச் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும்; சாலையின் கரகரப்பும் பல்சக்கரங்களின் ஊளையும் ஸ்பிரிங்கின் நுனிவழியே தரைத்தகட்டுக்கு ஏறிவிடும். பல்சக்கரத்தின் ஊளைக்கு ஒரு வைத்தியம் 1926-இல் பாக்கார்டு கம்பெனி தன் கார்களில் ஹைப்பாய்டு என்ற சாய்வுப் பற்சக்கரத்தைப் பூட்டியதில் கிடைத்தது. பற்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கியபடி கூடுவதால் ஓசை அடங்கிற்று, நடுத்தண்டும் தாழ்ந்தது. 1931-இல் கிறைஸ்லர் கம்பெனி எஞ்சினை ரப்பர்த் தாங்கிகளின்மேல் மிதக்கவிட்டு, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பரை வைத்தால் அதிர்வு அங்கேயே மாளும் என்பதை ஜனங்களுக்கெல்லாம் நிரூபித்தது. ஆனால் பின் அச்சை ரப்பரில் மிதக்கவிட ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானதே: எஞ்சின் சற்று அசைந்தால் கெடுதி இல்லை, பின்சக்கரம் பக்கவாட்டில் அசைந்தால் கார் வளைவில் தன்னிஷ்டப்படி திரும்பும்.

இந்த முரண்பாட்டைத் தீர்த்ததுதான், என் மதிப்பில், இந்தச் சரித்திரத்தின் தலைசிறந்த காரியம். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் ஜாகுவார் ஈ-டைப் கார் வெளிப்பட்டபோது பார்த்தவர்கள் அதன் நீண்ட மூக்கைக் கண்டு மயங்கினார்கள்; அதன் மேன்மையில் பாதி யார் கண்ணுக்கும் படாமல் பின்னால் ஒளிந்திருந்தது. பாப் நைட் என்ற பொறியாளர் வகுத்த பின்பகுதியில், டிஃபரன்ஷியல், பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்பிரிங்குகள், டிஃபரன்ஷியலின் அருகிலேயே ஒட்டிவைத்த பிரேக்குகள், கீழ்க்கைகள் ஆகிய அனைத்தும் எஃகுத் தகட்டாலான ஒரு கூட்டுக்குள் அடங்கின. சக்கரத்தைச் சுழற்றும் தண்டே மேற்கையாகவும் உழைத்தது. அந்தக் கூடு முழுவதும் காரின் உடலோடு எந்த இடத்திலும் இரும்பு இரும்பைத் தொடாதபடி, நான்கு ரப்பர்த் தாங்கிகளில் தொங்கியது. கூட்டை முன்னோக்கிப் பிடித்துக்கொள்ளும் நீண்ட கைகளின் முனையிலும் ரப்பரே. தாங்கிகளின் அமைப்பில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. ரப்பர்ப் பலகையை அமுக்கினால் அது கெட்டியாக எதிர்க்கும். பக்கவாட்டில் சறுக்கவிட்டால் இளகிக் கொடுக்கும். இந்த இரண்டு குணங்களையும் ஒரே தாங்கியில் பயன்படுத்திக்கொள்ளும்படி, உலோகத் தகடுகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டி, அவற்றைச் சாய்வாக வி எழுத்தின் வடிவில் நிறுத்தினார்கள். வளைவில் திரும்பும்போது கூடு பக்கவாட்டில் நகராமல் நின்றது; சாலையின் நுண்ணிய நடுக்கமோ ரப்பருக்குள்ளேயே இளகிக் கரைந்தது.

அதே ஏற்பாடு அதே வருஷம் மார்க் டென் என்ற பெரிய காரிலும், 1968-இல் எக்ஸ்.ஜே. 6-இலும் வந்தது. அந்த எக்ஸ்.ஜே. 6 தன்னைவிடப் பன்மடங்கு விலையுள்ள கார்களை அமைதியில் வென்றதென்று புகழ் பெற்றதற்கு, இந்தக் கூடும் அதைச் செப்பனிட்ட பாப் நைட்டின் சலியாத செவியும் பிரதானக் காரணங்கள். வேகத்தை உண்டாக்கியவர்களின் பெயர்கள் எல்லோர் நாவிலும் இருக்கின்றன. அமைதியை உண்டாக்கிய இவருடைய பெயரைக் கார் அபிமானிகளிலும் பலர் அறியார்.

ஏறக்குறைய அதே காலத்தில் சாஸ்திரமும் கைத்தொழிலோடு வந்து சேர்ந்தது. நடுங்கும் தகட்டின்மேல் தாரும் நாரும் கலந்த அட்டையை ஒட்டினால் அதன் ஓசை செத்துவிடும் என்பதைக் கார் தொழிற்சாலைகள் முன்பே அறிந்திருந்தன. அது எதனால், எந்த அளவுக்கு என்பதை ஹெர்மன் ஓபெர்ஸ்ட் 1952-இல் கணித்துக் காட்டினார். தகடு வளையும்போது மேலே ஒட்டிய படலம் இழுபட்டுச் சுருங்கி, அதிர்வின் சக்தியை உஷ்ணமாக மாற்றிவிடுகிறது. 1959-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெர்வின், அந்தப் படலத்தின்மேல் இன்னொரு மெல்லிய உலோகத் தகட்டை ஒட்டினால், நடுவில் அகப்பட்ட படலம் சறுக்கலுக்கு ஆளாகி, குறைந்த எடையிலேயே மிகுந்த பலன் தரும் என்று விளக்கினார். இன்று மட்கார்டின் உட்புறத்தில் ஒட்டும் அலுமினியத் தாள் போர்த்திய கறுப்புப் பட்டைகள் அந்தத் தத்துவத்தின் பிரத்தியக்ஷ உருவம்.

இவற்றோடு ஒரு கசப்பான உண்மையும் தெரியவந்தது. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், மற்றப் பகுதி எவ்வளவு கனமாக இருந்தபோதிலும், அந்தச் சுவர் 20 டெசிபலுக்குமேல் தடுக்க முடியாது. திறந்த காரிலோ இடுக்குகளுக்குக் குறைவில்லை: கூரை உடலோடு சேரும் விளிம்பு, ஜன்னலின் மூலை, மடிப்புப் பள்ளத்தின் தண்ணீர் வடியும் துளை, ஆசனப் பட்டை வரும் துவாரம் என்று எத்தனையோ.

பின் ஜன்னலின் கதை இதில் ஒரு கிளை. கண்ணாடியை மடிக்க முடியாதாகையால், மெல்லிய கூரைகளைச் செய்தவர்கள் வளையும் பிளாஸ்டிக் தாளை ஜன்னலாகத் தைத்தார்கள். அது மஞ்சளித்துக் கீறல் விழுந்து, குளிரில் வெடித்தது என்பது எல்லோரும் அறிந்த குறை. தலைக்கு மிக அருகில், சக்கரங்களுக்கு நேர் மேலே, காகிதம் போன்ற எடையில் ஒரு வாசல் திறந்து வைத்ததற்குச் சமம் என்பது அதைவிடப் பெரிய குறை. 1989-இல் சிகாகோவில் அறிமுகமாகி, இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே மிகுதியாக விற்பனையான மாஸ்டா எம்.எக்ஸ். 5 பிளாஸ்டிக் ஜன்னலோடுதான் பிறந்தது; 1998-இல் அதன் இரண்டாம் தலைமுறை கண்ணாடிக்கு மாறியது. 1996-இல் வந்த போர்ஷெ பாக்ஸ்டர் 2002-இல் மாறியது. ஜெர்மானியத் தையற்காரர்கள் ஐம்பது வருஷத்துக்கு முன்பே செய்துவைத்ததை, கூரை சிறிய இடத்தில் மடிய வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக மற்றவர்கள் இத்தனை காலம் ஒத்திப்போட்டார்கள்.

துணியே வேண்டாம், தகட்டுக் கூரையையே மடக்கிவிடலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. பாரிஸ் நகரத்துப் பல்வைத்தியரான ஜார்ஜ் போலன் கார்களின் வடிவத்தில் ஆசை கொண்டு வகுத்த ஏற்பாட்டின்படி, பெழோ கம்பெனி 1934-இல் தன் எக்லிப்ஸ் கார்களில் கூரை முழுவதையும் டிக்கிக்குள் இறக்கிக் காட்டியது. போலன், பிற்பாடு ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து இரகசியமாக உழைத்துப் பிடிபட்டு, 1942-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கார்ச் சரித்திரத்தில் அவரை நினைக்கும்போது இதையும் நினைப்பது நம் கடமை. ஃபோர்டு 1957 முதல் 1959 வரை ஸ்கைலைனர் என்ற பெயரில் இதே காரியத்தைச் செய்து சுமார் 48,000 கார்களோடு நிறுத்திக்கொண்டது. 1996-இல் மெர்சிடீஸ் எஸ்.எல்.கே. வந்தபின், துணிக் கூரையின் ஆயுள் முடிந்தது என்றே பலர் எழுதினார்கள். தகட்டுக் கூரை மேலிருந்து வரும் காற்றின் இரைச்சலைக் கணிசமாகக் குறைத்தது உண்மை. ஆனால் பின்சக்கரச் சப்தம் மேலிருந்து வருவதில்லை. கூரையின் துண்டுகள் அடங்குவதற்கு டிக்கியில் இன்னும் பெரிய பள்ளம் வேண்டியிருந்தது. துண்டுகளின் மூட்டுக்கள் மேடுபள்ளங்களில் முனகின. எடையோ பின்னாலும் உயரத்திலும் கூடியது.

இதற்கிடையில் சக்கரமும் மாறிக்கொண்டே வந்தது; சப்தத்தின் பக்ஷத்திலிருந்து பார்த்தால் நல்ல திசையில் அல்ல. எக்ஸ்.கே. 120-க்கு ஆறங்குல அகலமுள்ள உயர்ந்த டயர் போதுமானதாயிருந்தது. முதல் எம்.எக்ஸ். 5-இன் டயர் 185 மில்லிமீட்டர் அகலம், இன்றைய எம்.எக்ஸ். 5-இல் பதினேழு அங்குலச் சக்கரத்தில் 205 மில்லிமீட்டர் அகலத்தில், பக்கச் சுவர் தாழ்ந்து, இறுகி நிற்கிறது. அகன்ற டயரின் வரிப் பள்ளங்களில் அகப்பட்ட காற்று தரையோடு நசுங்கிப் பீறிட்டு வெளியேறும் ஒலி, வினாடிக்கு ஆயிரம் அதிர்வை ஒட்டி, மனிதச் செவி கூர்மையாகக் கேட்கும் இடத்திலேயே விழுகிறது. டயரின் உள்ளே வளையமாக நிற்கும் காற்று, இருநூறு அதிர்வுகளுக்குச் சற்று மேலே, குழலைப் போலத் தனியே ஒலிக்கிறது. வரிகளின் இடைவெளியை ஒன்றுபோல் வைக்காமல் மாற்றி மாற்றி வைத்து ஒற்றை ஸ்வரம் எழாமல் செய்வதும், உட்சுவரில் நுரைப் பட்டையை ஒட்டி அந்தக் குழலின் வாயை அடைப்பதும் டயர்க்காரர்களின் பதில்கள். 2012 நவம்பர் முதல் ஐரோப்பாவில் ஒவ்வொரு டயரும் தன் சப்த அளவைச் சீட்டில் காட்டியாக வேண்டும். ஆனால் அந்தச் சீட்டு சொல்வது சாலையோரத்தில் நிற்பவருக்குக் கேட்கும் சப்தமே ஒழிய, காருக்குள் இருப்பவருக்குக் கேட்பதன்று. வாங்குகிறவர்கள் இந்த வேற்றுமையை மறந்துவிடக் கூடாது.

இத்தகைய காரை வைத்திருந்து, பின்புற இரைச்சலைத் தம் கையாலேயே குறைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முதலில் செய்வது, ஆசனத்துக்குப் பின்னால் கையில் கிடைத்த பஞ்சையும் கம்பளத்தையும் அடைப்பது. பலன் கிடைக்கிறது, ஆனால் சொற்பம். மேலே சொன்ன சரித்திரம் காட்டும் வழி வேறு. இடுக்குகள் முதலில் அடைபட வேண்டும்; விறைத்துப்போன விளிம்பு ரப்பரை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒருபோதும் வீணன்று. அடுத்தது மட்கார்டின் தகடு: அதன் நடுப்பகுதியே மிகுதியாக நடுங்குவதால் அங்கே அதிர்வை அடக்கும் பட்டையை ஒட்டினால் போதும், விளிம்புவரை போர்த்த வேண்டியதில்லை. அதன் பிறகே நுரையும், நுரையின்மேல் கனத்த விரிப்பும். மெல்லிய நுரையின் மேல் கனத்த விரிப்பு கிடந்தால், தகட்டின் நடுக்கம் விரிப்பை எட்டாது. விரிப்பின் எடை காற்றில் வரும் சப்தத்தைத் தடுக்கும். கடைசியாக, பின் அச்சின் ரப்பர் புஷ்களைப் பார்க்க வேண்டும்; முதுமையால் கல்லாய் இறுகிய ரப்பர் சப்தத்தை நிறுத்துவதில்லை, கடத்துகிறது. ஓர் எச்சரிக்கையும் உண்டு. மடிப்புப் பள்ளத்திலிருந்து தண்ணீர் வடியும் துளைகளைச் சப்தத்துக்கு அஞ்சி ஒருபோதும் அடைக்கக் கூடாது. ஈரத்தை உறிஞ்சும் நுரையையும் அங்கே வைக்கக் கூடாது. அமைதியைத் தேடிப் போய்த் துருவைச் சம்பாதித்துக்கொண்டவர்கள் அநேகர்.

தகட்டுக் கூரையின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 2009-இல் தகட்டுக் கூரைக்கு மாறிய பி.எம்.டபிள்யூ. இஸட் 4, 2018-இல் துணிக்கே திரும்பியது. 2001 முதல் இரண்டு தலைமுறைகளாகத் தகட்டுக் கூரையோடு வந்த மெர்சிடீஸ் எஸ்.எல்., 2021-இல் வெளியான புதிய உருவத்தில் துணிக் கூரையையே ஏற்றது. இழுத்துக் கட்டிய வெளித்துணி, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள சப்தம் உறிஞ்சும் மெத்தை, உள்துணி என்று மூன்றடுக்காகத் தைத்த அந்தக் கூரை, தனக்கு முன்னிருந்த தகட்டுக் கூரையைவிட 21 கிலோ எடை குறைந்தது.